பெண்களோடு இருக்கச் சொன்ன தண்டனை

கி.மு. 480, செப்டம்பர். ஏதென்ஸ் எரிந்து கிடக்கிறது. அதன் துறைமுகமான ஃபலேரோனில் பாரசீகப் பேரரசன் செர்க்சஸ் தன் கடற்படைத் தலைவர்களைக் கூட்டியிருக்கிறான். யார் எங்கே உட்கார வேண்டும் என்பது அரசன் அளித்த தகுதியின்படி. முதல் இருக்கை சீதோன் அரசனுக்கு, அடுத்தது தீரு அரசனுக்கு. அரசன் யாரிடமும் நேரே கேட்பதில்லை. மார்டோனியஸ் என்ற தளபதி ஒவ்வொருவரிடமாகப் போய் ஒரே கேள்வியைக் கேட்கிறான்: சலாமிஸ் தீவையொட்டிய குறுகலான கடலில் ஒதுங்கி நிற்கும் கிரேக்கக் கப்பல்களோடு மோதலாமா? எல்லோரும் மோதலாம் என்கிறார்கள். ஒருத்தி மட்டும் வேண்டாம் என்கிறாள்.

அவள் ஆர்ட்டெமீசியா. இன்று துருக்கியில் போத்ரும் என்று வழங்கும் ஹாலிகார்னாசஸ் நகரத்தின் அரசி. கோஸ், நிசிரோஸ் தீவுகளும் அவள் தலைமையின் கீழ் வந்தன. கணவன் இறந்தபின் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டவள். வாலிப வயதில் ஒரு மகன் இருந்தான். அவனை அனுப்பிவிட்டு அவள் வீட்டில் இருந்திருக்கலாம். ஐந்து கப்பல்களோடு தானே வந்தாள். சீதோன் கப்பல்களுக்கு அடுத்தபடியாக அந்தப் பெரும்படையில் பேர் வாங்கியவை அவளுடைய ஐந்தும்தான்.

இதையெல்லாம் நமக்குச் சொல்பவர் ஹெரோடோட்டஸ். அவரும் ஹாலிகார்னாசஸ்காரர். போர் நடந்தபோது சிறு குழந்தை. பல பத்தாண்டுகள் கழித்து, கேட்ட கதைகளைக் கொண்டு எழுதியவர். எனவே அவர் தரும் அவை உரைகளைச் சொல்லுக்குச் சொல் நடந்தவையாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் போருக்கு முன் ஓர் அவையில் யார் பேசலாம், பேசியவருக்கு எப்படிப்பட்ட பதில் கிடைக்கும் என்று அந்தக் காலம் எப்படிக் கற்பனை செய்தது என்பதை அவை தெளிவாகக் காட்டுகின்றன. அந்தப் பதில்களைத்தான் இங்கே வாசிக்கப் பார்க்கிறேன்.

சலாமிஸுக்குச் சில ஆண்டுகள் முன்னே போக வேண்டும். இடம் சூசா, பாரசீகத் தலைநகரம். செர்க்சஸ் அரியணைக்குப் புதியவன். கிரேக்கத்தின் மீது படையெடுக்கப் போவதாகப் பெருங்குடியினரிடம் அறிவிக்கிறான். மார்டோனியஸ் அதை மெச்சிப் பேசுகிறான். மற்றவர்கள் வாய் திறக்கவில்லை. அரசனின் சித்தப்பா ஆர்டபானஸ் மட்டும், உறவு தந்த துணிச்சலில் எழுந்து மறுக்கிறார்.

அவர் வைத்தவை கணக்குகள். உன் அப்பா தாரியஸ் சிதியர் மீது படையெடுத்தபோதே வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. டான்யூப் ஆற்றின் குறுக்கே போட்ட பாலத்தை எதிரிகள் அறுக்கச் சொல்லியும் காவல் நின்ற ஒருவன் அறுக்காமல் விட்டதால்தான் மொத்தப் படையும் திரும்பி வந்தது. இப்போது நீ ஹெலஸ்பான்ட் கடல்கால்வாயின் மேல் பாலம் போடுகிறாய். கடலில் தோற்றால் எதிரி முதலில் அந்தப் பாலத்துக்குத்தான் வருவான். பிறகு என்ன செய்வாய்?

அதன்பின் மார்டோனியஸின் பக்கம் திரும்பி ஒரு பந்தயம் கட்டுகிறார். அரசன் வீட்டில் இருக்கட்டும், நாம் இருவரும் நம் பிள்ளைகளைப் பணயம் வைப்போம். நீ சொன்னபடி வெற்றி வந்தால் என் பிள்ளைகளையும் என்னையும் கொல்லட்டும். நான் சொன்னபடி ஆனால் உன் பிள்ளைகளைக் கொல்லட்டும். கேட்கவே குலை நடுங்கும் பேச்சு. அந்தப் பிள்ளைகளைப் பெற்ற பெண்களிடம் யாரும் கேட்டதாக வரலாற்றில் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு போரிலும் உள்ள பணயம் இதுதான். இழக்கப்போவது யாருடைய பிள்ளைகளை என்பது மட்டும் மாறும். மற்றவர் வீட்டுப் பிள்ளைகளைப் பணயம் வைத்துப் பேசிக்கொண்டிருந்த அவையில் அந்த மனிதர் அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

அரசனின் பதிலில் பாலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் அப்பாவின் தம்பி என்பதால் பிழைத்தாய், கோழைத்தனத்துக்கு உனக்கு ஓர் இழிவைத் தருகிறேன்: நீ போருக்கு வரக்கூடாது, இங்கேயே பெண்களோடு இருக்க வேண்டும். இதுதான் தீர்ப்பு.

எதிர்க்கருத்துக்கு ஒரு பதில் தேவைப்பட்டது. அந்தப் பதில் கைவசம் இல்லை. அப்போது ‘பெண்’ என்ற சொல் வந்து பதிலின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அது வந்தபின் கணக்கைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. கணக்குச் சொன்னவர் ஆணா இல்லையா என்பதே பேச்சாகிவிடுகிறது.

அன்றிரவு அரசனுக்கே சித்தப்பா சொன்னது சரியென்று பட்டதாம். மறுநாள் அவையைக் கூட்டிப் போர் இல்லை என்று அறிவித்தும்விட்டான். ஆனால் கனவில் ஓர் உருவம் வந்து மிரட்டி மீண்டும் போருக்குத் தள்ளியது. அதே உருவம் ஆர்டபானஸின் கனவிலும் வந்து அவரையும் பணிய வைத்தது என்கிறார் ஹெரோடோட்டஸ். படை ஹெலஸ்பான்டை அடைந்தபோது கிழவர் மறுபடியும் தயங்கினார். உனக்கு இரண்டு பெரிய எதிரிகள் இருக்கிறார்கள், நிலமும் கடலும் என்றார். இத்தனை கப்பல்களைப் புயலில் காக்கும் துறைமுகம் எங்கும் இல்லை. போகப்போக நிலம் சோறு போடாது. இந்த முறை அரசன் திட்டவில்லை. தான் இல்லாதபோது நாட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கொடுத்து அவரைச் சூசாவுக்குத் திருப்பி அனுப்பினான். முதலில் தண்டனையாக விதித்த இருப்பு இப்போது பதவியாக வந்தது. இரண்டுக்கும் விளைவு ஒன்றே: கணக்குப் பார்ப்பவர் போர்க்களத்தில் இல்லை.

இந்த இளம் அரசனை இவ்வளவு விரட்டியது எது? ஹெரோடோட்டஸுக்கும் முன்பே ஒருவர் இதற்குப் பதில் எழுதியிருக்கிறார். சலாமிஸ் நடந்து 8 ஆண்டுகளில், கி.மு. 472இல், ஈஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ நாடகம் ஏதென்ஸில் மேடையேறியது. அதில் செர்க்சஸின் தாய், கல்லறையிலிருந்து எழுந்துவந்த கணவன் தாரியஸின் ஆவியிடம் மகன் ஏன் இப்படிச் செய்தான் என்று விளக்குகிறாள். கெட்ட சகவாசம் என்கிறாள். உன் அப்பா ஈட்டியால் செல்வம் சேர்த்தார், நீயோ ஆண்மையில்லாமல் வீட்டுக்குள் ஈட்டி வீசிக்கொண்டிருக்கிறாய் என்று சுற்றியிருந்தவர்கள் அவனைக் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தார்களாம். எதிரி நாட்டு ஆண் ஒருவர் எழுதிய நாடகம்தான். ஆனாலும் அந்தத் தாயின் வாயில் அவர் வைத்த விளக்கம் நுட்பமானது. சித்தப்பாவின் மேல் செர்க்சஸ் எறிந்த கல், அதற்கு முன்பே அவன் மேல் எறியப்பட்டிருந்தது. வீட்டுக்குள் இருப்பவன் என்ற பழியை அவன் வாங்கி, அடுத்தவர் மேல் கைமாற்றிவிட்டான்.

அந்த நாடகத்தில் ஆண்மையின்மை என்று பொருள்படும் கிரேக்கச் சொல், ‘ஆண்’ என்ற சொல்லிலிருந்து பிறந்தது. வீரத்துக்கான சொல்லும் அதே வேரிலிருந்து வருவதுதான். தமிழிலும் அப்படித்தான். ஆண்மை என்றால் ஆணின் தன்மை. ஆண்மை என்றால் வீரம். பிறர் மனைவியை இச்சையோடு பாராமல் இருப்பதைத்தான் வள்ளுவர் பேராண்மை என்கிறார். அந்தச் சொல்லை அடக்கத்தின் பக்கம் இழுத்துப் பார்த்திருக்கிறார். நம் மேடைகள் அவர் பக்கம் போகவில்லை. பேச்சுவார்த்தை நடத்தலாம் என்று சொல்லும் தலைவருக்கு வளையலும் சேலையும் அனுப்பி அவமானப்படுத்தும் போராட்டங்களை நாம் இன்றும் பார்க்கிறோம். அந்த வளையலைப் போட்டிருக்கும் கைகள் கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்க்கின்றன; சில சமயம் அவையே அதைப் பொட்டலம் கட்டி அனுப்புகின்றன.

ஆர்ட்டெமீசியாவை அறிமுகப்படுத்தும் இடத்தில் ஹெரோடோட்டஸுக்கு இந்தச் சொல்லால் ஒரு சங்கடம் வருகிறது. யாரும் கட்டாயப்படுத்தாமல் இவள் ஏன் போருக்கு வந்தாள்? அவளுடைய ‘ஆண்மை’யால் வந்தாள் என்று எழுதுகிறார். அவருக்கு வேறு சொல் கிடைக்கவில்லை.

இப்போது ஃபலேரோன் அவைக்குத் திரும்பலாம். அவள் பேச்சின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் தன் தகுதியைச் சொல்கிறாள்: யூபியா தீவருகே நடந்த கடற்போரில் நான் யாருக்கும் குறைந்தவளாக இருக்கவில்லை, அதனால் பேசும் உரிமை எனக்கு உண்டு. சீதோன் அரசன் இப்படித் தொடங்க வேண்டியிருந்ததாக நூலில் இல்லை. அடுத்து ஒரு வாக்கியம் வருகிறது. பெண்களைவிட ஆண்கள் எவ்வளவு வலியவர்களோ, அவ்வளவு கடலில் உன் ஆட்களைவிடக் கிரேக்கர்கள் வலியவர்கள் என்கிறாள்.

தன் இனத்தின் மேல் வீசப்படும் வசையை அவளே எடுத்துக் கையாள்கிறாள். இதற்காக அவளைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆண்கள் மட்டுமே உட்கார்ந்திருக்கும் சந்தையில் அவர்களுடைய நாணயம்தான் செல்லும். அவள் கைவசம் இருந்தது அந்த நாணயம். அதை வைத்து அவள் வாங்கப் பார்த்தது ஆயிரக்கணக்கான உயிர்களை. அத்துடன் அந்த வாக்கியத்தில் ஒரு கொடுக்கும் ஒளிந்திருக்கிறது: அங்கே சண்டை போடத் துடிக்கும் அத்தனை ஆண்களையும் அவள் பெண்கள் என்று சொல்லிவிட்டாள், அதுவும் அரசன் காதுக்குப் போகும்படி.

பிறகு கணக்கு வருகிறது. எந்த ஏதென்ஸுக்காக வந்தாயோ அது உன் கையில் இருக்கிறது. பின் ஏன் எல்லாவற்றையும் ஒரே நாளில் பணயம் வைக்கிறாய்? கப்பல்களைக் கரையோரம் நிறுத்து, அல்லது தரைப்படையைத் தெற்கே பெலோபொனீஸ் பக்கம் நகர்த்து. கிரேக்கர்களுக்கு அந்தத் தீவில் தானியம் இல்லை. தெற்கத்திக்காரர்களுக்குத் தங்கள் ஊர் பற்றிய கவலை வந்துவிட்டால் ஏதென்ஸுக்காகக் கடலில் நிற்க மாட்டார்கள், கலைந்து போவார்கள். அவசரப்பட்டுக் கடலில் தோற்றால் தரைப்படையும் அழியும்.

அவள் சொன்னது எவ்வளவு சரி என்பதற்குக் கிரேக்கர்களின் அவையே சாட்சி. சலாமிஸை விட்டு ஓடிவிட வேண்டும் என்று தெற்கத்தித் தளபதிகள் அங்கே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏதென்ஸின் தெமிஸ்டோக்ளிஸால் அவர்களை நிறுத்திவைக்க முடியவில்லை. கடைசியில் தன் வேலையாளைப் பாரசீகர்களிடம் இரகசியமாக அனுப்பி, கிரேக்கர்கள் தப்பி ஓடப்போகிறார்கள், வந்து மடக்குங்கள் என்று சொல்ல வைத்தார். கிரேக்கர்களுக்குத் தேவைப்பட்ட போரைச் செர்க்சஸ் தன் செலவில் நடத்திக் கொடுத்தான்.

அவள் பேசி முடித்ததும் அவளுடைய நண்பர்கள் அரசன் கொன்றுவிடுவான் என்று பயந்தார்கள். அவள் பெற்ற மதிப்பைப் பொறுக்காதவர்கள் அதே காரணத்துக்காக மகிழ்ந்தார்கள். அரசனோ அவள் பேச்சை மிகவும் ரசித்தான். முன்பிருந்தே நல்லவள் என்று எண்ணியிருந்தவளை இன்னும் அதிகமாகப் புகழ்ந்தான். பிறகு பெரும்பான்மையினர் சொன்னபடி போருக்கு உத்தரவிட்டான். இந்த அனுபவம் எத்தனை பெண்களுக்குப் பழக்கமானது! அலுவலகக் கூட்டங்களில், கட்சிக் குழுக்களில், குடும்ப முடிவுகளில், ‘நல்லாச் சொன்னீங்க’ என்பது பல நேரங்களில் பேச்சை மூடிவைக்கும் மூடி. திட்டுக்குப் பதில் பாராட்டு வந்திருக்கிறது, முடிவு மட்டும் மாறவில்லை.

யூபியாவில் தன் ஆட்கள் சரியாகச் சண்டையிடாததற்குச் செர்க்சஸ் கண்ட காரணம், தான் அங்கே இல்லை என்பது. எனவே இந்த முறை தானே உட்கார்ந்து பார்க்கத் தீர்மானித்தான். சலாமிஸுக்கு எதிரே ஐகாலியோஸ் மலையடியில் இருக்கை போடப்பட்டது. குறுகலான நீரில் பெரும்படையின் கப்பல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. முன்னால் இருந்தவை திரும்பப் பார்க்க, அரசன் கண்ணில் படவேண்டும் என்று பின்னாலிருந்தவை முன்னேற, நடுவில் நொறுங்கின. கிரேக்கர்களில் கப்பல் உடைந்தவர்கள் நீந்திக் கரையேறினார்கள். மறுதரப்பில் பலருக்கு நீச்சல் தெரியாது, மூழ்கினார்கள்.

அந்தக் குழப்பத்தில் ஏதென்ஸ் கப்பல் ஒன்று ஆர்ட்டெமீசியாவைத் துரத்தியது. தப்ப வழியில்லை. முன்னால் நின்ற கலிண்டா நகரத்துக் கப்பலை, தன் சொந்தக் கூட்டணிக் கப்பலை, அவள் இடித்து மூழ்கடித்தாள். இவள் நம் பக்கம் போலிருக்கிறது என்று துரத்தியவன் விட்டுவிட்டான். மூன்றடுக்குத் துடுப்புக் கப்பல் ஒன்றுக்கு 200 பேர் என்று ஹெரோடோட்டஸே கணக்குப் போடுகிறார். கலிண்டா கப்பலில் இருந்தவர்களில் ஒருவர்கூட உயிர் பிழைத்து வந்து அவள்மேல் குற்றம் சொல்லவில்லை. மலையடியிலிருந்து பார்த்த அரசனிடம், அவள் எதிரிக் கப்பலைத் தகர்த்துவிட்டாள் என்று சொன்னார்கள். என் ஆண்கள் பெண்களாகிவிட்டார்கள், பெண்கள் ஆண்களாகிவிட்டார்கள் என்றானாம் அவன்.

உலகம் அவளைப் பற்றி நினைவில் வைத்திருப்பது இந்தச் சொல்லைத்தான். மதிநுட்பத்தோடு பேசியபோது ஒரு தலையசைப்பு கிடைத்தது. இருநூறு கூட்டாளிகளை மூழ்கடித்தபோது ‘ஆண்’ என்ற பட்டம் கிடைத்தது. எதிர்ப்பக்கமும் வேறு மாதிரி இல்லை. ஒரு பெண் ஏதென்ஸ் மீது போர் தொடுப்பதா என்ற ஆத்திரத்தில், அவளை உயிரோடு பிடிப்பவருக்கு ஏதென்ஸ்காரர்கள் 10,000 திராக்மா பரிசு அறிவித்திருந்தார்கள்.

தோல்விக்குப் பின் செர்க்சஸ் மற்ற எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவளிடம் மட்டும் ஆலோசனை கேட்டான். மார்டோனியஸ் ஒரு படையோடு இங்கேயே தங்கிக் கிரேக்கத்தைப் பிடித்துத் தருகிறேன் என்கிறான், என்ன செய்யலாம்? விட்டுவிட்டுப் போங்கள் என்றாள். வென்றால் பெருமை உங்களுக்கு, தோற்றால் போவது உங்கள் அடிமை ஒருவன். இந்த முறை அவள் பேச்சு நடந்தது, அரசன் ஏற்கெனவே பயந்துபோய் ஊர் திரும்பும் எண்ணத்தில் இருந்ததால். மார்டோனியஸோடு விடப்பட்ட ஆயிரமாயிரம் பேரைப் பற்றி அவள் அப்போது ஒன்றும் சொன்னதாக இல்லை. அரசனின் பிள்ளைகள் சிலரைப் பத்திரமாக எஃபெசஸுக்கு அழைத்துச் செல்லும் வேலை அவளுக்குத் தரப்பட்டது. அடுத்த ஆண்டு பிளாட்டேயா சமவெளியில், போர் வேண்டாம், பின்வாங்கிக் காத்திருப்போம் என்று ஆர்டபாசஸ் என்ற மற்றொரு தளபதி சொன்னதை மறுத்துவிட்டு மார்டோனியஸ் மோதினான், செத்தான். அந்தக் களத்திலும் பாரசீகக் குதிரைப்படையினர் கிரேக்கர்களைச் சீண்டக் கூவிய சொல் ‘பெண்களே’ என்பதுதான்.

எனவே ஆர்ட்டெமீசியாவைச் சமாதான தேவதையாக்க நான் விரும்பவில்லை. பெண் என்பதால் இயல்பிலேயே அமைதியை நாடுவாள் என்ற பேச்சு, பெண்களோடு போய் இரு என்ற அந்தத் தண்டனையின் இன்னொரு முகம். அதே கி.மு. 479இல் சலாமிஸில் அகதிகளாக இருந்த ஏதென்ஸ்காரர்களிடம் மார்டோனியஸின் சமாதானத் தூது வந்தது. லிகிடாஸ் என்ற மன்ற உறுப்பினர், இதை மக்கள் முன் வைக்கலாமே என்றார். சுற்றி நின்று கல்லாலடித்துக் கொன்றார்கள். செய்தி கேட்ட ஏதென்ஸ் பெண்கள் ஒருவரையொருவர் அழைத்துக்கொண்டு தாங்களாகவே அவர் வீட்டுக்குப் போய், அவர் மனைவியையும் பிள்ளைகளையும் கல்லாலடித்துக் கொன்றார்கள். ஹெரோடோட்டஸில் நான் மிகவும் சிரமப்பட்டு வாசிக்கும் பக்கம் இது. அவர் சொன்னது போர் வேண்டாம் என்றுகூட இல்லை, மக்களிடம் கேட்கலாம் என்றுதான். கல் எறிய உடம்பு ஆணாக இருக்க வேண்டியதில்லை. கணக்குக் கேட்பவரைத் துரோகி என்று சொல்லும் மொழி இருந்தால் போதும்.

ஆர்ட்டெமீசியாவுக்கு அதன் பின் நேர்ந்ததும் இந்த மொழியால்தான். பிற்காலக் கதை ஒன்றில், தன்னை விரும்பாத இளைஞனின் கண்களைக் குருடாக்கிவிட்டு, காதல் தாளாமல் பாறையிலிருந்து குதித்துச் சாகிறாள். 2014இல் வந்த ‘300: ரைஸ் ஆஃப் அன் எம்பயர்’ என்ற ஹாலிவுட் படத்தில், செர்க்சஸைத் தூண்டிவிட்டுப் போரைக் கிளப்பும் பழிகாரியாக வருகிறாள். அவையில் வேண்டாம் என்று சொன்ன ஒரே குரல், போரின் காரணமாகவே மாற்றப்பட்டுவிட்டது. அவள் ஊரில் ஏறத்தாழ 130 ஆண்டுகள் கழித்து வாழ்ந்த இன்னொரு ஆர்ட்டெமீசியாவை உலகம் மரியாதையோடு நினைக்கிறது. அவள் கணவனுக்காக அழுதவள். உலக அதிசயமான கல்லறை அவள் பெயரோடு சேர்ந்தது. அந்தக் கல்லறையின் இடிபாடுகளில் 1857இல் செர்க்சஸின் பெயர் நான்கு மொழிகளில் பொறித்த வெண்பளிங்குச் சாடி ஒன்று கிடைத்தது. இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சலாமிஸ்காரிக்கு அரசன் தந்த பரிசு அது, வழிவழியாக வந்திருக்கலாம் என்று கருதுபவர்கள் உண்டு.

சூசாவில் பதில் கிடைக்காமல் போன கணக்குகளுக்கு என்ன ஆயிற்று என்பதையும் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். செர்க்சஸ் 45 நாள் நடந்து ஹெலஸ்பான்டுக்குத் திரும்பினான். வழியில் தானியம் கிடைக்கவில்லை. வீரர்கள் புல்லைத் தின்றார்கள். மரப்பட்டையையும் இலையையும் உரித்துத் தின்றார்கள். கொள்ளைநோயிலும் வயிற்றுப்போக்கிலும் செத்தார்கள். கரையை அடைந்தபோது பாலம் இல்லை. எதிரி வந்து அறுக்கவில்லை, புயல் அறுத்துவிட்டிருந்தது. படகுகளில் ஏறித்தான் அக்கரைக்குப் போனார்கள். நிலம் சோறு போடாது, பாலத்தை நம்பாதே என்று சொன்ன கிழவர் அப்போது சூசாவில், பெண்களோடு இருந்தார். அந்தப் பெண்களில் எத்தனை பேருடைய பிள்ளைகள் அந்தப் படையில் போயிருந்தார்கள் என்று ஹெரோடோட்டஸ் எண்ணவில்லை.